பாட்டை மாற்றினால் சபை வளருமா?

மதுரைப் பக்கத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் கமிட்டியில் இருப்பவர் கேட்டிருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்களாம். வாலிபர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். ஊரில் இருக்கிறவர்களிலும் சில குடும்பங்கள் பக்கத்துத் தெருவின் சுயாதீன சபைக்குப் போகின்றன. பாட்டையும் ஆராதனை முறையையும் மாற்றினால்தான் பிழைப்போம் என்கிறது ஒரு தரப்பு, அதைத் தொட்டால் சபையே உடையும் என்கிறது இன்னொரு தரப்பு. மாறுகிற காலத்தில் ஒரு சபை எதனால் தழைக்கிறது என்பது அவர் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம் என்பது ஒன்று. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சபையைத் தாங்கி நிறுத்துவது எது என்பது மற்றது. கமிட்டிகள் முதல் கேள்வியில்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும். இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவதில் பாதி தானாகவே அடங்கிவிடும் என்பது என் எண்ணம். நான் திருநெல்வேலிச் சீமையில் கிராமச் சேகரங்களில் (ஒரே குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளின் தொகுதி) குருவாக இருந்துவிட்டு, பிறகு திருச்சபை வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் தென் தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளின் கதையை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். கத்தோலிக்கப் பங்குகளைப் பற்றியோ, நகரத்தில் ஆயிரக்கணக்கில் கூடும் புதிய சபைகளைப் பற்றியோ இதே உறுதியோடு பேச எனக்கு அனுபவம் போதாது.

ஒரு சபையைச் சோதித்துப் பார்க்க, வெளியிலிருந்து வரும் உதவி நின்றுபோன காலத்தைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சபைக்கு அப்படி ஒரு காலம் ஆரம்பத்திலேயே வந்தது. 1778-ல் கிளாரிந்தா என்ற பிராமண விதவைக்கு, தஞ்சாவூரிலிருந்து வந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றும் ஊரில் சொல்லும் சிறிய கோயில் 1785-ல் பிரதிஷ்டையானது. 1790-ல் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றார். நாடார் சமூகத்திலிருந்து வந்த உபதேசியார் (குருப்பட்டம் இல்லாமல் ஊர்ச் சபையில் போதித்து ஜெபம் நடத்துகிறவர்) தாவீது சுந்தரானந்தம், துரத்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று 1799-ல் முதலூரை உண்டாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கிறிஸ்தவர்கள் ஐயாயிரத்தைத் தாண்டினார்கள்.

அப்புறம் எல்லாம் வற்றிப்போயிற்று. ஐரோப்பாவில் போர், தரங்கம்பாடி மிஷனுக்குப் பணமும் ஆளும் வரத்து நின்றது. மூத்த மிஷனரிகள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1806-க்குப் பிறகு கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் இந்தச் சபைகளோடு தங்கியிருந்து பார்த்துக்கொள்ள மிஷனரி என்று யாரும் இல்லை. நடுவில் 1811-ல் ஒரு கொள்ளைக் காய்ச்சல். பயந்துபோன பலர் பழைய தெய்வங்களிடமே திரும்பினார்கள். 1816-ல் பாளையங்கோட்டைப் படைமுகாமுக்குச் சாப்ளினாக, அதாவது படையினரின் குருவாக, வந்த ஜேம்ஸ் ஹஃப் சுற்றிப் பார்த்தபோது, சுமார் மூவாயிரம் பேர் கிராமங்களில் சிதறிக் கிடந்தார்கள். ஐயாயிரம் மூவாயிரமானது என்று இதை ஒரு தோல்வியாகவும் சொல்லலாம். எனக்கு அந்த மூவாயிரம்தான் ஆச்சரியம். சம்பளம் ஒழுங்காக வராமல், மேலே கேட்பார் இல்லாமல், கையில் தரங்கம்பாடி அச்சில் வந்த ஓரிரு புத்தகங்களோடு, ஊர் ஊராக உபதேசியார்களும் ஓரிரு நாட்டுக் குருமாரும் ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள்ளேயே பொறுப்பெடுக்க ஆள் இருந்த இடங்களில் சபை தப்பியது.

நான் சொல்ல வந்ததும் இதுதான். மாறுகிற காலத்தில் ஒரு சபை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது, அதன் பாரத்தை எத்தனை பேர் தோளில் வைத்திருக்கிறார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை இரண்டாம் பட்சம். நூறு பேர் உட்கார, நான்கு பேர் சுமக்கும் சபை நல்ல காலத்தில் ஜோராகத் தெரியும். அந்த நான்கு பேரில் இருவருக்கு வயதாகி, ஒருவர் மகன் வீட்டுக்குக் குடிபோனால் முடிந்தது.

1820-ல் வந்த ரேனியஸ் ஐயர் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். பிரஷ்யக்காரர், தமிழில் அபாரமான புலமை. ஆனால் அவர் செய்த பெரிய வேலை உபதேசியார்களை உருவாக்கியதுதான். அவர்களை அவ்வப்போது பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாடம் நடத்தி அனுப்புவார். துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த ஒரு தரும சங்கம் வைத்தார். அதற்குச் சபையார் காசு கொடுத்தார்கள். உபதேசியார்களைக் குருமாராக்குவது யார் அதிகாரம் என்பதிலும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆங்கிலிக்கன் முறைகளைப் பற்றிய அவருடைய விமர்சனத்திலும், அவரை அனுப்பிய சிஎம்எஸ் மிஷனரி சங்கத்தோடு மோதல் வந்து, 1835-ல் அவரை விலக்கினார்கள். சபைகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. 1838-ல் அவர் இறந்தார். அதற்குள் அவர் கண்காணித்த சபைகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். பிரிந்த தரப்பினர் பலர் அவர் இறந்தபின் மெல்ல மெல்லத் திரும்பி ஒன்றானார்கள். தலைவர் விலக்கப்பட்டு, இறந்தும்போன பிறகு இயக்கம் கலையாமல் இருந்ததென்றால், அது அவர் ஒருவர் மேல் நின்றிருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பாரத்தைச் சுமப்பது என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கைப்பிடியரிசி என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போது வீட்டம்மா அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை அது கோயிலுக்குப் போகும். கூலி வேலை செய்யும் வீட்டிலும் இதைச் செய்யலாம், செய்தார்கள். இதில் சேர்ந்த அரிசியின் மதிப்பைவிட, அடுப்படியில் தினம் ஒருமுறை ஒரு பெண்ணுக்குச் சபை ஞாபகம் வந்ததுதான் பெரிது. அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கொண்டுவந்த சேவலை இன்னொருவர் சந்தை விலையைப்போல் பத்து மடங்குக்கு எடுத்து, திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். ஏலம் கூறுகிறவருக்குத் தொண்டை கட்டிவிடும். முருங்கைக்காய்க் கட்டோடு வந்த பாட்டியும் ஏதோ கொடுத்தவராகத்தான் வீட்டுக்குப் போவார். அசனம் என்கிற சபை விருந்துக்குக் காய் நறுக்க இரவு முழுக்க உட்காரும் கூட்டமும் இப்படித்தான். இப்போது பல சபைகளில் அசனச் சாப்பாட்டைக் கான்டிராக்டில் விட்டுவிடுகிறார்கள். சாப்பாடு ருசியாகத்தான் இருக்கிறது.

1902-ல் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அப்போது அவர் ஒய்எம்சிஏ செயலாளர், முப்பது வயதுகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்திலேயே வெளியூருக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்ததை அங்கே பார்த்தார். நூறு வருஷத்துக்கு மேல் பழமையான திருநெல்வேலிச் சபை இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறதே என்பது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பது அதன் விதி. நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். தெலுங்கு தெரியாமல் போனவர்கள் அங்கே போய்த் தெலுங்கு படித்தார்கள். அசரியா 1909-ல் குருவாகி, 1912 டிசம்பரில் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான்.

தோர்ணக்கல்லில் அவர் செய்த ஒரு காரியத்தை மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்ற பவுலின் வசனத்தைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, ஊரில் கடைசியாக வைக்கப்பட்ட மாலா, மாதிகா சமூகத்து மனிதர்கள் அவர்கள். சபைக்குள் காலெடுத்து வைக்கும் அன்றைக்கே அவர்கள் கையில் வேலையைக் கொடுத்துவிட்டார். அவர் பேராயராக இருந்த அந்தத் திருமண்டலம் அவர் காலத்திலேயே இரண்டு லட்சம் பேரைத் தாண்டியது. வளர்ச்சிக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மானமாக வாழ வேண்டும் என்ற தாகம், பள்ளிக்கூடம், ஒரே சமூகமாக முடிவெடுத்தது எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் வந்தவர்கள் கலையாமல் நின்றதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம் என்பது என் துணிபு.

கூட்டம் கூடுவதையும் சபை தழைப்பதையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கால்டுவெல் ஐயரின் மிஷன் பகுதிகளில் பல்லாயிரம் பேர் சபைக்கு வந்தார்கள். கஞ்சிக்காக வந்தார்களா, விசுவாசத்தால் வந்தார்களா என்று அன்றைக்கே சண்டை. மனுஷன் மனசு ஒரே காரணத்தால் நகர்வதில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் பஞ்சம் தீர்ந்ததும் போய்விட்டார்கள், ஒரு பகுதியினர் இருந்தார்கள். உபதேசியார் குடியிருந்த, பள்ளிக்கூடம் நடந்த ஊர்களில் இருந்தவர்கள் அதிகம் என்பது என் வாசிப்பு. இதற்கு மறுவாசிப்பும் உண்டு, சமூக உயர்வே முதல் காரணம் என்கிறவர்களை நான் ஒதுக்கித் தள்ளுவதில்லை.

எண்ணிக்கை எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். 1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும் என்று ஓர் உத்தரவுக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய கலகம். வேளாளக் கிறிஸ்தவர்களில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எத்தனையோ கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார் என்பது நமக்குக் கசப்பான செய்திதான். வில்சன் சொன்னது சரி. அதனால் ஆள் குறைந்தது. ஆகவே ஆள் குறைந்தால் தவறு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தால் சாதி போயிற்றா என்றால், இல்லை. கல்லறைத் தோட்டத்தில், கலியாணத்தில், திருமண்டலத் தேர்தலில் அது இன்னும் இருக்கிறது. சரியான காரியத்தையும் கடிதம் போட்டுச் செய்ய முடியாது. உங்கள் சபையைப் பற்றி நீங்கள் எழுதியதில் இந்தப் பேச்சே இல்லை. இல்லாமல் இருந்தால் சந்தோஷம். எங்கள் பக்கம் வாலிபர்கள் விலகுவதற்கு, வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணங்களில் இது ஒன்று.

இப்போது பாட்டுக்கு வருவோம். நம் முறை என்று எதைப் பாதுகாக்க நினைக்கிறோமோ, அது ஒரு காலத்தில் புதிதாக வந்து சண்டை மூட்டியதுதான். தரங்கம்பாடியில் முதலில் பாடியது ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. ராகத்தில் அமைந்த கீர்த்தனை பஜனை மடத்துச் சமாச்சாரம் என்று முகம் சுளித்த மிஷனரிகள் உண்டு. 1853-ல் மதுரை அமெரிக்கன் மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். உங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் என்பதால் இதைச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் அவை எல்லாக் கோயில்களுக்கும் பரவின. இன்று கிதாரும் கீபோர்டும் வேண்டாம் என்று கீர்த்தனைக்காகப் பேசுகிறவர்கள், அந்தக் காலத்துப் புதுப்பாட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகள். எனவே பாட்டை மாற்றினால் வேதம் புரண்டுவிடும் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் பாட்டை மாற்றினால் கூட்டம் வரும் என்பதற்கும் வரலாற்றில் எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாசரேத்துப் பக்கத்துக்காரர், பெரிய படிப்பாளி, மிஷன் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டவர். நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849-ல் எழுதிய நூல் அவருக்கும் பலருக்கும் பொறுக்கவில்லை. வெள்ளைக்காரச் சபையே வேண்டாம் என்று 1857-ல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், சாம்பிராணி, சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குவது என்று வழிபாட்டை மண்ணுக்கேற்ப அடியோடு மாற்றினார். இன்று மண்ணின் இறையியல் என்று பேசுகிறவர்களுக்கெல்லாம் அவர் முன்னோடி. ஆனாலும் அவர் சபை சிறியதாகவே நின்றுவிட்டது. அதே பகுதியில் ஆங்கில வழிபாட்டு முறையை அப்படியே தமிழில் படித்துக்கொண்டிருந்த சபைகள் பள்ளி, வைத்தியசாலை, உபதேசியார் என்று ஊர் ஊராக விரிந்தன. முறை அழகாக அமைந்துவிட்டால் போதாது என்பதற்கு அவர் ஓர் அத்தாட்சி. அவ்வளவு திறமையான ஒரு மனிதரின் மனக்குறையைக் கேட்கத் தெரியாமல் வெளியே விட்ட தாய்ச்சபைக்கும் இதில் பெருமை எதுவும் கிடையாது.

மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை நம் வரலாற்றில் ஆகச் சிறந்த உதாரணம் தென்னிந்தியத் திருச்சபை உருவான விதம். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சில குருமார் கூடி, சபைகள் ஒன்றுசேர வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அசரியா அதில் முன்னணி. அங்கிருந்து 1947 செப்டம்பர் 27 வரை, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இணைப்பு ஆராதனை நடக்கும்வரை, 28 ஆண்டுகள். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1-ல் இறந்துவிட்டார். ஆங்கிலிக்கன்காரர்களுக்குப் பேராயர் இல்லாமல் சபை இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும் என்கிற காங்கிரிகேஷனல் மரபினருக்குப் பேராயர் என்ற பேச்சே கசப்பு. மெதடிஸ்டுகளுக்கு அவர்கள் முறை. இதைக் கட்டிப்போட்டு ஒரே நாளில் ஒன்றாக்கியிருந்தால் மறுநாளே பிய்ந்திருக்கும்.

அவர்கள் செய்தது என்னவென்றால், இனிமேல் புதிதாகப் பட்டம் பெறுகிறவர்களுக்குப் பேராயரே பட்டம் கொடுப்பார், ஏற்கெனவே குருமாராக இருப்பவர்கள் எந்த மரபில் பட்டம் பெற்றிருந்தாலும் அப்படியே இருக்கலாம், மறுபடி கைவைக்க வேண்டாம் என்று வைத்தார்கள். எந்தச் சபைக்கும் அதன் மனசாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ குருவையோ திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். கலந்து பழக 30 ஆண்டுகள் அவகாசம் வைத்தார்கள். 30 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. பழைய முறையில் வளர்ந்தவர்கள் யாரையும் அவமானப்படுத்தாமல், புதிதாக வருகிறவர்கள் புதியதிலேயே வளரட்டும் என்ற கணக்கு. அப்படியும் ஆந்திராவில் நந்தியால் பகுதியின் ஆங்கிலிக்கன் சபைகளில் பெரும்பகுதி இணையாமல் வெளியே நின்றது. 1970-களில்தான் உள்ளே வந்தது. அவர்களைத் துரோகி என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. அதே நந்தியாலுக்குத்தான் 2013-ல் புஷ்பலதா அம்மையார் பேராயரானார், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். காலம் எப்படியெல்லாம் சுற்றி வருகிறது பாருங்கள்.

1950-ல் வந்த புதிய திருவிருந்து ஆராதனை முறையையும் இப்படித்தான் கொண்டுவந்தார்கள். பழைய முறைகளை உடனே தடை செய்யாமல் பக்கத்தில் வைத்தார்கள். பிடித்த சபை எடுத்துக்கொண்டது. அதில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி உண்டு. ஒருவர் கூப்பிய கைகளை அடுத்தவர் தம் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொள்வார். வாங்கியவர் அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார், வரிசை வரிசையாகக் கடைசி பாய்வரை போகும். கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. பேச்சுவார்த்தை முறிந்த இரண்டு பங்காளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் படும் பாடு இருக்கிறதே, குரு பீடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். சில சமயம் கை நீளும். சில சமயம் ஒருவர் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார்.

சுயாதீன சபைக்குப் போகிற குடும்பங்களைப் பற்றி ஒன்று. அவர்கள் துள்ளலான பாட்டுக்காகப் போகிறார்கள் என்று கமிட்டியில் சொல்வார்கள். போன குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியதில் நான் கேட்டது பெரும்பாலும் வேறு. "மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தப்போ ஐயர் வரலை. அந்தப் பாஸ்டர் ராத்திரி பத்து மணிக்கு வந்து தலையில கை வச்சு ஜெபம் பண்ணினார்." இந்த மாதிரிதான். வியாதி, கடன், மகளின் கலியாணம், குடிக்கிற புருஷன். எங்கள் குருமார் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஒரு சேகரத்தில் பத்துப் பதினைந்து ஊர்களை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் வீடு சந்திக்கும் வேலையைக் குருவிடம் மட்டும் விட்ட சபை தோற்கிறது என்கிறேன். அந்தக் காலத்தில் உபதேசியாரும் வேதாகம ஸ்திரீகளும் வீடு வீடாகப் போனார்கள். அந்த இடம் காலியானபோது யாரும் கவனிக்கவில்லை. உபதேசக் காரணங்களுக்காக, உதாரணமாக முழுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்பதற்காகப் போகிறவர்களும் உண்டு. அவர்களை நீங்கள் வீடு சந்தித்துத் திருப்ப முடியாது, திருப்ப முயலவும் வேண்டாம்.

வாலிபர்கள் ஊரைவிட்டுப் போவதைச் சபையால் தடுக்க முடியாது. இது நன்றாகத் தெரிந்த விஷயம். வேலை அங்கே இருக்கிறது. எங்கள் பக்கம் சில கிராமக் கோயில்களைப் பார்த்தால், வெளிநாட்டுப் பணத்தில் கோபுரம் வானத்தைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே முப்பது முதியவர்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் காரும் வேனும் நிற்க இடமிருக்காது. அந்தப் பிள்ளைகள் சபையை இழந்துவிட்டார்களா என்றால், பலர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் தமிழ்ச் சபைகளை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் அங்கே பொறுப்பெடுக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பன்னிரண்டு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர்கள், வாலிபர் சங்கத்தில் கிறிஸ்துமஸ் கீத பவனிக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்கினவர்கள். உங்கள் சபையின் பலன் உங்கள் ஊரிலேயே தெரியாமல் போகலாம். இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை, கணக்கில் சேர்க்க வேண்டியது.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல், அணி, சுவரொட்டி, வழக்கு. நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகத்தை வேறு கையில் ஒப்படைக்கும் அளவுக்குத் திருமண்டலங்களில் போயிருக்கிறது. சொத்தும் பள்ளிக்கூட வேலை நியமனமும் இருக்கிற இடத்தில் சண்டை வரும். இதைப் பார்த்து ஒதுங்கும் படித்த வாலிபர்களிடம் நாம் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். மேலே நடப்பதை ஒரு சபைக் கமிட்டியால் திருத்த முடியாது. ஆனால் உங்கள் சபையின் வரவு செலவை மாதம் ஒருமுறை ஆராதனை முடிவில் பைசா சுத்தமாக வாசித்து, கோயில் வாசலில் ஒட்ட முடியும். பணம் எங்கே போகிறது என்று தெரிந்த சபையில் காணிக்கை குறைந்து நான் பார்த்ததில்லை.

சரி, உங்கள் கமிட்டி என்ன செய்யலாம்? ஆராதனை முறையில் மாற்றம் வேண்டுமென்றால், இருப்பதை எடுக்காமல் பக்கத்தில் ஒன்றைத் தொடங்குங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, வாலிபர்கள் பொறுப்பில், அவர்கள் பாட்டோடு. இரண்டு வருஷம் நடக்கட்டும், அதுவரை யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். காலை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதைக் கமிட்டிக்காரர்களே மாற்றி மாற்றி வாசிக்காமல், வாசிக்கத் தெரிந்த எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு நம் வேதாகமத் தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்க வராது. முதல் தடவை தட்டித் தடுமாறினால் மூப்பர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளையை வைத்து இரண்டு முறை வாசிக்கச் செய்ய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உங்கள் சபையில் கண்டிப்பாக இருப்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பாட்டுத் தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டுச் சபைக் குடும்பப் பதிவேட்டை மேஜையில் வையுங்கள். கடந்த ஓராண்டில் சபையிலிருந்து யாருமே போய்ப் பார்க்காத வீடுகளுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். பிறகு, சபையில் எந்த வேலையும் கையில் இல்லாத ஆட்களின் பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள். முதல் பட்டியலில் உள்ள வீடுகளை இரண்டாம் பட்டியலில் உள்ளவர்களுக்கு, ஆளுக்கு மூன்று வீடு என்று பிரித்துக் கொடுங்கள். போகும்போது இரண்டு பேராகப் போகட்டும், ஆனால் காணிக்கைக் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.